ஹார்லிக்ஸ் பாட்டிலும் கேழ்வரகு மூட்டையும்

கும்பகோணத்தில் நான் சிறுமியாக இருந்த காலத்தில், ஒரு வீட்டுக்கு ஹார்லிக்ஸ் பாட்டில் வந்தால் அங்கே யாரோ படுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போகிறவர்கள் அரை டஜன் சாத்துக்குடியோடு அதையும் வாங்கிப் போவார்கள். உடம்பு தேறியதும் அந்த டம்ளர் நின்றுவிடும். காலி பாட்டில் மட்டும் மிளகோ கடுகோ நிரப்பப்பட்டு வருஷக்கணக்கில் அலமாரியில் இருக்கும்.

நோயாளிக்கான அந்தப் பொடி, நோயில்லாத பிள்ளைகளுக்குத் தினசரிப் பானமானது எப்படி? என் மகனுக்குப் பதினைந்து வயது. தோள்பட்டை எலும்பு சட்டைக்கு மேலேயே தெரியும். தட்டின் முன் உட்கார்ந்ததுமே "பசிக்கலம்மா" என்பான். ரத்தப் பரிசோதனை வரைக்கும் பார்த்துவிட்டு, குறை ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனாலும் வீட்டுக்கு வரும் பெரியவர்கள் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: "பிள்ளை நோஞ்சானா இருக்கானே, ஒரு டம்ளர் கலந்து குடேம்மா." அதனால்தான் இந்தக் கதையைத் தேடிப் படித்தேன்.

ஜேம்ஸ், வில்லியம் என்ற ஹார்லிக் சகோதரர்கள் இங்கிலாந்துக்காரர்கள். 1873இல் சிகாகோவில் தொழில் தொடங்கி, பிறகு விஸ்கான்சின் மாநிலத்தின் ரசீன் ஊருக்குப் போனார்கள். பாலும் மால்ட்டும் சேர்ந்த பொடிக்கு 1883இல் காப்புரிமை வாங்கினார்கள். கைக்குழந்தைக்கும் நோயாளிக்கும் என்று சொல்லித்தான் விற்றார்கள். முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய சிப்பாய்கள் இதை இந்தியாவுக்குக் கொண்டுவந்ததாகச் சொல்வார்கள். 1960 வாக்கில் பஞ்சாபின் நாபாவில் எருமைப் பாலை வைத்து உற்பத்தி தொடங்கியது. நல்ல பால் கிடைப்பதே கஷ்டமாயிருந்த தெற்கிலும் கிழக்கிலும்தான் பொடி அதிகம் ஓடியது. வெள்ளைப் புரட்சி 1970இல் தொடங்கி, நாளடைவில் பால் தாராளமாகக் கிடைத்தது. ஆனாலும் பொடி போகவில்லை. விளம்பரத்தில் அது கொடுக்கும் வாக்குத்தான் மாறியது. பாலுக்கு மாற்றாக இருந்தது, உயரத்துக்கும் ஞாபகசக்திக்கும் மருந்து போலப் பேசப்பட்டது. தாயின் பயத்தைக் குறிவைத்த இந்த மாற்றத்தை என்னால் மன்னிக்க முடியவில்லை.

2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம், இத்தகைய பானங்களை 'ஆரோக்கிய பானம்' என்ற பிரிவில் காட்டக் கூடாது என்று இணைய விற்பனை நிறுவனங்களுக்குச் சொன்னது. உணவுச் சட்டத்தில் அப்படி ஒரு வகையே இல்லை.

இத்தனைக்கும் அந்தச் சகோதரர்கள் கையாண்ட நுட்பம் அருமையானது. பார்லியை ஊறவைத்து முளைவிடச் செய்தால், மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும் நொதி அதில் பெருகும். மால்ட் என்பது அதுதான். எங்கள் பாட்டி கேழ்வரகை ஒரு ராத்திரி ஊறவைத்து, ஈரத்துணியில் மூட்டை கட்டித் தொங்கவிடுவாள். வெள்ளை முளை எட்டிப் பார்த்ததும் நிழலில் உலர்த்தி, வாசனை வருமளவுக்கு மட்டும் லேசாக வறுத்து அரைப்பாள். கருக வறுத்தால் நொதி செத்துவிடும்.

சாதாரண கேழ்வரகு மாவைக் கொஞ்சம் கூடப் போட்டாலே கஞ்சி களியாகிவிடும். முளைகட்டிய மாவைப் பச்சைத் தண்ணீரில் கரைத்துச் சிறு தீயில் நிதானமாகக் கிளறினால், மாவு கூடுதலாக இருந்தாலும் கஞ்சி நீர்த்தே இருக்கும். கொதிக்கிற தண்ணீரில் கொட்டினால் பலிக்காது. நாலு வாயில் வயிறு நிறைந்துவிடும் பிள்ளைக்கு இது பெரிய விஷயம். அதே டம்ளரில் கூடுதல் சாப்பாடு உள்ளே போகிறது. நூறு கிராம் கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து சுமார் 350 மில்லிகிராம் இருக்கிறது. எலும்பு நீளும் வயதுக்கு அது வேண்டும்.

மகனுக்கு இனிப்புக் கஞ்சி பிடிக்காது. மோர் ஊற்றி, உப்புப் போட்டு, சின்ன வெங்காயம் நறுக்கிப் போட்டால் குடித்துவிட்டுக் கிரிக்கெட் மட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடுவான். திரும்பி வந்ததும் கடலை உருண்டை. ராத்திரிச் சாப்பாட்டுக்கு முந்தைய இரண்டு மணி நேரம் கஞ்சியோ பாலோ எதுவும் கிடையாது. குடித்தால், அவனுக்கு இருக்கும் கொஞ்சப் பசியும் போய்விடும். எவ்வளவு சாப்பிட்டான் என்று தட்டை எட்டிப் பார்ப்பதையும் வீட்டில் எல்லாரும் நிறுத்தியிருக்கிறோம். எடை மெல்லத்தான் ஏறுகிறது. உயரமும் கூடவே ஏறுவதால் பார்க்கிறவர்களுக்கு அது தெரிவதில்லை.