தண்ணீர் ஆட்டிய கிட்டார்

1955 மார்ச் 2. சிகாகோ நகரின் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் போ டிட்லி என்ற இளைஞர் தன் பெயரையே தலைப்பாக வைத்த பாட்டைப் பதிவு செய்தார். மிசிசிப்பியில் பிறந்து, சிறுவயதில் சிகாகோவுக்குக் குடிபெயர்ந்தவர் அவர். ராகம் என்று சொல்ல அந்தப் பாட்டில் பெரிதாக ஒன்றுமில்லை. ஜெரோம் கிரீன் மராக்காஸைக் குலுக்கிக்கொண்டே இருக்கிறார். அதற்கு மேல் கிட்டார், யாரோ குழாயைத் திறந்து திறந்து மூடுவதுபோல, துடித்துத் துடித்து வருகிறது. பாட்டைத் தூக்கி நிறுத்துவதே அந்தத் துடிப்புதான். கறுப்பின இசைக்கான அன்றைய ஆர் அண்ட் பி தரவரிசையில் அது முதலிடத்துக்குப் போனது.

அந்தத் துடிப்பின் பெயர் டிரெமோலோ. ஓடுகிற மேசை விசிறிக்கு முன்னால் உட்கார்ந்து ‘ஆ’ என்று நீட்டிப் பார்த்த குழந்தைகள் எல்லோரும் ஏறக்குறைய இந்த ஒலியைக் கேட்டிருக்கிறார்கள். கமகத்தில் ஸ்வரம் தன் இடத்திலிருந்து அசையும். டிரெமோலோவில் ஸ்வரம் நின்ற இடத்தில் நிற்க, சத்தம் மட்டும் விநாடிக்கு மூன்று முறையோ எட்டு முறையோ ஏறி இறங்கும். ஸ்வரம் அசைந்தால் அதற்கு மேற்கத்தியர் வைத்திருக்கும் பெயர் வைப்ராட்டோ.

இந்த இரண்டு பெயர்களையும் குழப்பிவைத்த பெருமை ஃபெண்டர் நிறுவனத்துக்கு உண்டு. 1954இல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரில் சுருதியை வளைக்கும் கைப்பிடிக்கு அவர்கள் ‘டிரெமோலோ’ என்று பெயரிட்டார்கள். பிறகு வந்த ஆம்ப்ளிஃபையர்களில் சத்தத்தை ஏற்றி இறக்கும் வசதிக்கு ‘வைப்ராட்டோ’ என்று அச்சடித்தார்கள். எழுபது ஆண்டுகளாகியும் அந்தக் குழப்பம் தீரவில்லை.

சத்தத்தை ஏற்றி இறக்க ஒரு கை வேண்டும். வால்யூம் குமிழைப் பிடித்துச் சீராக, சலிக்காமல் திருகிக்கொண்டே இருக்கும் ஒரு கை. டிரெமோலோவின் வரலாறு முழுக்க அந்தக் கைக்கு மாற்றாக எதை வைப்பது என்ற தேடல்தான். முதலில் அகப்பட்டது தண்ணீர்.

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் டொலீடோ என்றொரு ஊர். கிட்டார் பிக்கப்களுக்குப் பேர்போன ஹாரி டிஆர்மண்டின் வடிவமைப்புகளை அங்கிருந்த ரோவ் இண்டஸ்ட்ரீஸ் தயாரித்து விற்றது. 1940களில் அவர்கள் வெளியிட்ட டிரெமோலோ கண்ட்ரோல் என்ற இரும்புப் பெட்டிதான், கிட்டார்காரர்கள் தனியாக வாங்கி இணைத்துக்கொள்ளும் எஃபெக்ட் கருவிகளின் மூதாதைகளில் ஒன்று. உள்ளே ஒரு மின் மோட்டார். அது மின்சாரம் கடத்தும் திரவம் அடைத்த ஒரு சின்னக் குப்பியை ஆட்டும். திரவம் அலைந்து ஊசிமுனையைத் தொடும்போதெல்லாம் கிட்டாரிலிருந்து வரும் சிக்னலில் ஒரு பகுதி ‘எர்த்’துக்கு இறங்கிவிடும், சத்தம் குறையும். திரவம் விலகினால் சத்தம் திரும்பும். வேகத்தை மாற்றக் கூம்பு வடிவ அச்சின் மேல் ஒரு ரப்பர் சக்கரம் முன்னும் பின்னும் நகரும். தையல் மிஷினைப் பழுதுபார்க்கத் தெரிந்தவருக்கு இந்தப் பெட்டியின் சூத்திரம் ஒரே பார்வையில் புரிந்துவிடும்.

திரவம் அலைவதால் அதன் ஏற்ற இறக்கத்துக்குக் கூர்மையான விளிம்பு கிடையாது. ட்வேன் எடியின் ‘ரெபெல் ரவுசர்’ (1958) இசைத்தட்டில் கேட்கும் கனமான கிட்டார் இந்தப் பெட்டியின் வழியாக வந்ததுதான். அதோடு ஃபீனிக்ஸ் நகர ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒரு பெரிய தண்ணீர்த் தொட்டியை எதிரொலி அறையாக வைத்துப் பதிவு செய்தார்கள். குப்பிக்குள் நீர், வெளியே நீர்த்தொட்டி!

போ டிட்லியும் டிஆர்மண்ட் பெட்டியைப் பயன்படுத்தியவர்தான். ஆனால் அதற்கு முன்பே, பழைய கார் உதிரிபாகங்களையும் கடிகார ஸ்பிரிங்கையும் கொண்டு இதே வேலையைச் செய்யும் ஒரு கருவியைத் தானே கட்டியதாக அவர் பிற்காலப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். நம்பாமலிருக்கக் காரணமில்லை. தொழிற்கல்விப் பள்ளியில் மரவேலை கற்றுத் தன் கிட்டார்களைத் தானே செய்துகொண்ட மனிதர் அவர். ராக் இசையின் அடித்தளத்தில் கிடக்கும் இந்த ஒலிக்கு ஒரு வீட்டுத் தயாரிப்பும் மூலம் என்பது, இன்று மாடியறையில் ஈயம் உருக்கிக்கொண்டிருக்கும் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி.

நீர்க்குப்பியின் காலம் நீளவில்லை. டிரெமோலோ ஆம்ப்ளிஃபையருக்குள்ளேயே குடியேறியது. ஃபெண்டரில் 1955இல் வந்த டிரெமோலக்ஸ் முதலாவது. அந்தக் கால ஆம்ப்கள் பலவற்றில் வால்வு ஒன்று மெதுவாக ஊஞ்சலாடி, பவர் வால்வுகளின் பயாஸ் மின்னழுத்தத்தை ஆட்டும். ஒலி மூச்சுவிடுவதுபோல ஏறி இறங்கும். 1963 வாக்கில் ஃபெண்டர் தன் பெரிய ஆம்ப்களில் வெளிச்சத்தை வேலைக்கு அமர்த்தியது. ஒரு குட்டி நியான் விளக்கு மினுக்கும். அதை ஒட்டி, வெளிச்சம் பட்டால் மின்தடை குறையும் எல்டிஆர். இரண்டையும் சேர்த்துக் கறுப்புறையில் பொதிந்துவிடுவார்கள். கம்பிக் கால்கள் நீட்டிக்கொண்டிருக்கும் அந்த உருளையைப் பழுதுபார்ப்பவர்கள் கரப்பான் என்றே அழைக்கிறார்கள். நியான் பட்டென்று எரிந்து பட்டென்று அணைவதால் அதன் துடிப்பு சற்று வெட்டலாக இருக்கும். பயாஸா, வெளிச்சமா என்று கேட்டால் கிட்டார்காரர்கள் இன்றும் இரண்டு கட்சியாகப் பிரிவார்கள்.

டிரான்சிஸ்டர் மலிவானதும் கருவி மறுபடியும் வீட்டுக்கு வந்தது. 1960களின் இறுதியில் ‘எலெக்ட்ரானிக்ஸ் ஆஸ்திரேலியா’ இதழ் வெளியிட்ட டிரெமோலோ சர்க்யூட் இன்றும் ‘இஏ டிரெமோலோ’ என்ற பெயரில் உலகெங்கும் கட்டப்படுகிறது. கைப்பிடியளவு உதிரிகள், ஒரு 9 வோல்ட் பேட்டரி, காலால் அழுத்தும் பெடலாக ஓர் அலுமினியப் பெட்டி. ஒரு டிரான்சிஸ்டரும் மூன்று கெப்பாசிட்டர்களும் சேர்ந்து மெதுவான அலையை உண்டாக்கும். அந்த அலை எஃப்இடி என்ற இன்னொரு வகை டிரான்சிஸ்டரைத் திறந்து மூடும். எஃப்இடி ஒலியைப் பெருக்கும் டிரான்சிஸ்டரின் பலத்தை ஏற்றி இறக்கும்.

கட்டி முடித்தவுடன்தான் கதை தொடங்கும். முதல் புகார் ‘டிக் டிக்’ சத்தம். கிட்டாரைத் தொடாதபோதும் பெடல் கடிகாரம்போல ஓடும். அலையை உண்டாக்கும் பகுதி ஒவ்வொரு சுற்றிலும் மின்சாரத்தைச் சட்டென்று இழுக்கிறது. அந்த இழுப்பு மின்வழங்கல் கம்பி வழியாக ஒலிக்குள் ஏறிவிடுகிறது. அனுபவசாலிகள் அந்தப் பகுதிக்குப் போகும் மின்சாரத்தை நூறு ஓம் ரெசிஸ்டர் ஒன்றின் வழியாக அனுப்பி, 100 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரைத் தொட்டித் தண்ணீர்போல அருகில் வைப்பார்கள். ஐசி வைத்துக் கட்டியவர் டிஎல்072ஐக் கழற்றிவிட்டு, குறைவாக மின்சாரம் குடிக்கும் டிஎல்062ஐச் செருகிப் பார்ப்பார். இரண்டு பகுதிகளின் எர்த் கம்பிகளையும் தனித்தனியே கொண்டுபோய் ஒரே புள்ளியில் சேர்ப்பார்.

அடுத்த புகார், பெடலை அழுத்தினால் சத்தம் குறைகிறது என்பது. பாதி நேரம் ஒலி தாழ்ந்திருப்பதால் காதுக்கு மொத்தமும் குறைந்ததாகத் தோன்றும். கடைசியில் ஒரு சிறு பெருக்கியைச் சேர்த்து, வெளியே அதற்கென்று ஒரு குமிழை வைத்தால் தீரும். பிறகு வேகம். மூன்று கெப்பாசிட்டர்களின் மதிப்பையும் கூட்டினால் துடிப்பு மெதுவாகும். ஆனால் வேகக் குமிழை அளவுக்கு மீறி நீட்டினால் அலையே நின்றுபோகும். இதையெல்லாம் புத்தகம் சொல்லிக் கற்றவர்களைவிட, நள்ளிரவில் பெடல் ஊமையாகிப்போன பிறகு கற்றவர்களே அதிகம்.

சாமானியர் மட்டும்தான் இப்படி என்றில்லை. ஜேம்ஸ் டெமீட்டர் 1982இல் கட்டிய டிரெமுலேட்டர் பெடல், கிட்டார் கலைஞர் ரை கூடருக்காகச் செய்யப்பட்டது. லண்டனில் 1984இல் ‘தி ஸ்மித்ஸ்’ குழு ‘ஹௌ சூன் இஸ் நௌ’ பாட்டைப் பதிவு செய்தபோது, ஜானி மார் வாசித்த கிட்டாரை நான்கு ஃபெண்டர் ட்வின் ஆம்ப்களுக்குள் அனுப்பினார்கள். நான்கின் துடிப்பும் பாட்டின் தாளத்தோடு ஒத்துப்போக வேண்டும். ஆளுக்கு இரண்டு ஆம்பாக மாரும் தயாரிப்பாளர் ஜான் போர்ட்டரும் வேகக் குமிழ்களைத் திருகிக்கொண்டே இருந்தார்கள். தாளம் தவறினால் டேப்பைப் பின்னுக்குச் சுழற்றி மீண்டும் தொடங்குவார்கள். சில சமயம் ஒரே மூச்சில் பத்து விநாடிதான் தேறியது.

கரப்பானுக்கு வேறொரு சோதனை வந்தது. எல்டிஆரில் இருப்பது காட்மியம் சேர்மம். நச்சு உலோகங்களைக் கட்டுப்படுத்தும் ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் தொழில்முறை ஒலிக் கருவிகளுக்கு அளித்திருந்த விலக்கு 2013 முடிவோடு காலாவதியானது. ஆலைகள் தயாரித்த மூடிய விளக்கு-எல்டிஆர் ஜோடிகள் அரிதாகி விலை ஏறின. வீட்டில் கட்டுபவர்கள் அசரவில்லை. ஒரு எல்இடியையும் ஒரு எல்டிஆரையும் முகத்தோடு முகம் வைத்து, கறுப்பு ஸ்லீவுக்குள் செருகி, தீக்குச்சியால் சூடுகாட்டிச் சுருக்கிக்கொள்கிறார்கள். எல்லா எல்டிஆரும் ஒரே வேகத்தில் விழித்து உறங்குவதில்லை. அதனால் பத்து வாங்கி, ஒவ்வொன்றாகச் செருகி, கிட்டாரை ஒருமுறை மீட்டிக் கேட்டு, காதுக்குப் பிடித்த ஒன்றை மட்டும் பற்றவைக்கிறார்கள்.