காரீயச் சிப்பாய்களும் வெள்ளீயச் சண்டையும்

பொம்மைச் சிப்பாய்களை மேசைமீது நிறுத்தி, மண்ணும் மரமும் கோட்டையும் அமைத்து, பழைய யுத்தமொன்றைக் காட்சியாக்கிப் புகைப்படம் எடுப்பது சிறுபிள்ளை விளையாட்டென்றே நம்மவரில் பலர் எண்ணுவர். கொலுப்படியில் தேவர்களுக்குக் கீழே துப்பாக்கி ஏந்தி நிற்கும் மண் சிப்பாய்களைக் கண்டு பழகிய நமக்கு, இதிலே சரித்திரம் எங்கே வந்தது என்று தோன்றுவது இயல்பே. ஆயினும், எந்தப் பொம்மையின் கையில் துப்பாக்கி, எந்தப் பொம்மை விழுந்து கிடக்கிறது, எது பெட்டியிலேயே இல்லை என்று கேட்கத் தொடங்கினால் விளையாட்டு வினையாகிவிடும்.

உருகிய காரீயத்தை அச்சில் ஊற்றி, ஓரத்தில் படிந்தது இறுகியவுடன் நடுவிலுள்ள குழம்பை வெளியே கொட்டிவிட்டால், உள்ளே கூடான பொம்மை கிடைக்கும். உலோகம் மிச்சம், விலையும் மலிவு. 1893-இல் லண்டனில் வில்லியம் பிரிட்டன் என்பவர் இம்முறையில் வார்த்த பொம்மைகள், அதுவரை சந்தையை ஆண்ட ஜெர்மானியப் பொம்மைகளைப் பின்னுக்குத் தள்ளின. அவற்றின் உயரம் 54 மில்லிமீட்டர். அப்பெட்டிகளில் சென்னைக் காலாட்படையும் வங்காளக் குதிரைப்படையும் இருந்தன. சாம்ராஜ்யத்தின் சேவகராக நிற்கும்வரையில் நம்மவருக்கும் பெட்டியில் இடம் உண்டு என்பதே அதன் பொருள்.

எதிரியாக நின்றால் என்ன ஆகும்? வின்ஸ்டன் சர்ச்சில் 1930-இல் வெளியிட்ட தம் இளமைக்கால வரலாற்றில் அதைக் கூறுகிறார். அவரிடம் ஏறக்குறைய 1500 பொம்மைச் சிப்பாய்கள் இருந்தன. அனைத்தும் பிரிட்டிஷ் படை. எதிர்ப்படைக்குத் தம்பி ஜாக் தளபதி. ஆனால் ஆயுதக் குறைப்பு உடன்படிக்கை என ஒன்றைச் செய்து, தம்பிக்கு வெள்ளையரல்லாத படையே உண்டு, அப்படைக்குப் பீரங்கி கூடாது என்று அண்ணன் விதித்துவிட்டாராம். அவர் வேடிக்கையாகத்தான் எழுதினார்; நாமும் சிரிக்கலாம். ஆனால் 1898-இல் அதே சர்ச்சில், குதிரைப்படை அதிகாரியாய், சூடான் நாட்டு ஓம்துர்மான் களத்தில் இருந்தார். அங்கே சுமார் பதினாயிரம் சூடானியர் மாண்டனர். எதிர்ப்பக்கத்தில் மாண்டவர் ஐம்பதுக்கும் குறைவு. பிள்ளைகளின் அறையிலே செய்த உடன்படிக்கை பாலைவனத்திலும் அப்படியே செல்லுபடியாயிற்று!

பொம்மைகளின் எண்ணிக்கைகூட வழக்குக்குரிய பொருள்தான். கேப்டன் சைபோர்ன், வாட்டர்லூப் போர்க்களத்தை எழுபதினாயிரத்துக்கு மேற்பட்ட சிறு பொம்மைகளால் அமைத்து 1838-இல் லண்டனில் காட்சிக்கு வைத்தார். துணைக்கு வந்த பிரஷ்யப் படைக்கு அதில் இவ்வளவு இடமா என்று வெல்லிங்டன் பிரபுவுக்கு மனத்தாங்கல். சைபோர்ன் பிற்பாடு பிரஷ்யப் பொம்மைகளை நீக்க நேர்ந்தது.

இதே வெல்லிங்டன், ஆர்தர் வெல்லெஸ்லி என்ற இளம் கர்னலாக, திப்பு வீழ்ந்த 1799-க்குப் பின் ஸ்ரீரங்கப்பட்டணத்துத் தாரியா தௌலத் மாளிகையில் குடியிருந்தார். அம்மாளிகைச் சுவரில் திப்பு தீட்டுவித்த பெருஞ்சித்திரம் ஒன்றுண்டு. காஞ்சிபுரத்துக்கு அருகே பொள்ளிலூரில் 1780 செப்டம்பர் 10-ஆம் நாள் ஆங்கிலேயப் படை அழிந்த காட்சி அது. வெடிமருந்து வண்டி வெடிக்கிறது. கர்னல் பெய்லி காயமுற்றுப் பல்லக்கில் இருக்கிறார். சிதைந்திருந்த அச்சித்திரத்தை வெல்லெஸ்லிதான் புதுப்பிக்கச் செய்தார். இறுதி வெற்றி கைக்கு வந்தபின் பழைய தோல்வியின் படத்தைப் பேணுவது எளிது போலும். வெற்றியில் பங்கு கேட்பவனைப் பொறுப்பதே கடினம்.

புகைப்படக் கருவி வந்ததும் இந்த மாயமெல்லாம் தீர்ந்தது என்றும் எண்ண வேண்டா. 1857 நவம்பரில் லக்னோவின் சிக்கந்தர் பாக்கில் சுமார் இரண்டாயிரம் கலகச் சிப்பாய்கள் கொல்லப்பட்டனர். சில மாதங்கள் கழித்து, 1858-இல், பெலிச்சே பியாட்டோ அங்கே படம் எடுத்தார். முற்றம் முழுவதும் எலும்புகள் சிதறிக் கிடக்கும் அப்படத்துக்காகப் புதைத்த எலும்புகளைத் தோண்டிப் பரப்பினார்கள் என்று அக்காலத்தவரே எழுதியுள்ளனர். செத்த சிப்பாயும் பொம்மையானான்.

நிற்க. பொம்மைப் போர் அமைக்க விரும்பும் நம் பள்ளத்தாக்கு இளைஞர், வாட்டர்லூவைத் தேடிப் போகவேண்டியதில்லை. கிள்ளானில் ராஜா அப்துல்லா 1857-இல் கட்டிய கிடங்கு இன்றும் நிற்கிறது. ராஜா மஹ்டி கோட்டையின் வாயிலும் நிற்கிறது. அவ்விருவரிடையே 1867-இல் மூண்டு 1874 வரை நீடித்த யுத்தம் ஆற்றுவழி இறங்கும் வெள்ளீயத்தின் வரிக்காக எழுந்தது. சீனச் சுரங்கக் கூட்டங்களும் இரு கட்சியாய்ப் பிரிந்து அதில் இறங்கின. 1872-இல் கோலாலம்பூரின் புக்கிட் நானாஸ் குன்றில், தெங்கு கூடின் சார்பில் கூலிக்கு அமர்ந்த சிப்பாய்கள், வான் ஹேகன் என்ற ஐரோப்பியரின் தலைமையில் காவல் இருந்தனர். சையத் மஷோரின் படை சூழ்ந்துகொள்ள, அவர்கள் கோட்டையை விட்டுக் கிள்ளானை நோக்கித் தப்பினர், வழி தவறினர், பெட்டாலிங்கில் பிடிபட்டனர். வான் ஹேகனும் உடனிருந்த கவலியேரியும் கொல்லப்பட்டனர். யாப் ஆ லோய் கிள்ளானுக்குத் தப்பினார். மறு ஆண்டு பகாங் படையின் துணையோடு ஊர் மீட்கப்பட்டது. தலைவர்கள் அனைவருக்கும் நூல்களில் பெயர் உண்டு. அக்குன்றின்மேல் இன்று கோபுரம் நிற்கிறது. காவல் இருந்தவர்களுக்கு மட்டும் ‘சிப்பாய்கள்’ என்ற ஒரே சொல்.

இந்தச் சண்டைக்கு எந்தக் கம்பெனியும் பெட்டி விற்பதில்லை. தோட்டத்துக் கிராணியாகிய யான், செக்ரோல் கணக்கு முடிந்த இரவுகளில், வேறு யுத்தங்களுக்காக வார்த்த பிளாஸ்டிக் வீரர்களை வெட்டி, ஒட்டி, தலைப்பாகை கட்டி இதற்கு ஆள் சேர்க்கிறேன். ஆள் சேர்ப்பதைவிட வேண்டாதவற்றை விலக்குவதே பெரும்பாடு. செங்கல் வீடு வைக்கலாகாது. 1881-இல் ஊர் எரிந்த பின்னரே செங்கல் வழக்கத்துக்கு வந்தது, பிரிக்ஃபீல்ட்ஸ் சூளைகளும் அதற்குப் பிற்பட்டவையே. ரயில்பாதை கூடாது, கிள்ளான் ஆற்றங்கரையை நோக்கி ரயில் ஓடியது 1886-இல். நம் கண்ணுக்கு இயற்கையாகவே தோன்றும் பால்மரமும் கூடாது. ரப்பர்க் கன்று மலாயாக் கரை கண்டதே 1877-இல். அத்தாப்புக் கூரையும் காடும் ஆறும் மட்டுமே மிச்சம்.

படம் எடுக்கும்போது கருவியை எங்கே வைப்பது என்பதே முக்கியமான கேள்வி. மேலிருந்து எடுத்தால் தளபதியின் வரைபடம் கிடைக்கும், மனிதர் எறும்புகள். மேசையோடு மேசையாய், பொம்மையின் கண் மட்டத்துக்கு, அதாவது ஐந்து சென்டிமீட்டர் உயரத்துக்கு, லென்ஸை இறக்கினால் பக்கத்து மரமே வானத்தை மறைக்கும். ஒரே விளக்கைப் பக்கவாட்டில் வைத்தால் முகத்தில் நிழல் விழும். பஞ்சைப் பிரித்துப் புகையாக வைக்கலாம். அளவுக்கு மிஞ்சினால் அது பஞ்சாகவே தெரியும்.

அடங்காதது தூரம். இப்பொம்மைகளின் அளவில் ஒரு மீட்டர் மேசை 32 மீட்டர் நிலம். கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் வரை காட்ட ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் மேசை வேண்டும். அடங்காத இன்னொன்று காய்ச்சல். 1857-இல் அம்பாங்குக்கு ஈயம் தோண்ட அனுப்பப்பட்ட சீனர் 87 பேரில், ஒரு மாதத்துக்குள் 69 பேர் அதற்கு இரையாயினர். பிற்காலத்தில் நம் தோட்டங்களில் லயம் லயமாக ஆளை வாரியதும் அதே காய்ச்சல்தான். குண்டடிபட்டு விழும் பொம்மை எல்லாப் பெட்டியிலும் உண்டு. குளிரில் நடுங்கிக் கிடக்கும் பொம்மையை யான் எந்தப் பெட்டியிலும் கண்டதில்லை.

ஆகவே கோட்டையையும் பீரங்கியையும் மேசையிலிருந்து எடுத்துவிட்டேன். காட்டுப்பாதை ஒன்று, அது இரண்டாகப் பிரியும் இடம், பதினோரு சிப்பாய்கள். ஒருவன் மற்றொருவனைத் தாங்கி நடக்கிறான்; இருவர் தரையில் அமர்ந்திருக்கின்றனர். வான் ஹேகன் படத்தில் இல்லை. கருவி அவர்களுக்குப் பின்னால் இருக்கிறது. முன்னே நிற்பவன் இடப்பக்கம் கை காட்டுகிறான், அவனருகில் உள்ளவன் வலப்பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறான்.