வெள்ளோட்டத்தில் வெடித்த போர்

மென்பொருள் எழுதுவோரிடம் ஒரு நல்ல வழக்கம் உண்டு. தாம் எழுதிய நிரலின் ஒவ்வொரு சிறு பகுதியும் செவ்வனே இயங்குகிறதா என்று பார்ப்பதற்கென்றே வேறொரு சிறு நிரலை எழுதி வைப்பர். அலகுச் சோதனை என்பது இதன் பெயர். சோதிக்கப்படும் பகுதி வெறும் கூட்டல் கழித்தல் செய்வதாயின் இடரில்லை. கோப்புகளை அழிப்பதோ கணிப்பொறியை நிறுத்துவதோ அதன் வேலையாக இருந்தால் என்ன ஆகும்? நடப்பது சோதனை என்பதைக் கணிப்பொறி அறியாது. இட்ட கட்டளையை நிறைவேற்றிவிடும். சோதனையின் கை மெய்யான கட்டளையைத் தொடாதவாறு தடுப்பது எப்படி என்பது தொழில்நுட்பர்களின் உள்வீட்டுச் சிக்கலாகவே தோன்றும். ஆனால் இச்சிக்கலின் பழைய வடிவம் ஒன்றைத் தேடிச் சென்றால் நாம் அணு ஆயுதங்களின் வாசலில் போய் நிற்கிறோம்.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் செயென் என்றொரு கருங்கல் மலை. அதன் வயிற்றைக் குடைந்து, 25 டன் எடையுள்ள கதவுகளை வைத்து, வான்வழித் தாக்குதலை முன்னறிந்து எச்சரிக்கும் நிலையம் ஒன்றை அமைத்தனர். அமெரிக்காவும் கனடாவும் இணைந்து நடத்தும் நோராட் அமைப்பின் நிலையம் அது. 1966இல் இயங்கத் தொடங்கியது. 1979 நவம்பர் 9 அன்று அங்குள்ள திரைகளில் சோவியத் ஏவுகணைகள் பெருந்திரளாக வருவதாகக் காட்சி விரிந்தது. பென்டகனிலும் ஒமாகா அருகிலுள்ள விமானப்படைத் தலைமையகத்திலும் அதே காட்சிதான். போர் விமானங்கள் மேலெழுந்தன. போர்க்காலத்தில் அதிபர் ஏறியிருந்து ஆணையிடுவதற்கென வைத்திருந்த விமானம், அதிபர் இல்லாமலேயே பறந்துவிட்டது! செயற்கைக்கோள்களும் ராடார்களும் தந்த மூலத்தகவல்களைப் பார்த்தபோதுதான் வானில் ஏதுமில்லை என்பது தெளிந்தது. ஆறு நிமிடங்கள் கடந்திருந்தன.

திரையில் ஓடியது, சோதனைக்கென்று எழுதி வைக்கப்பட்ட கற்பனைத் தாக்குதல். அது எச்சரிக்கைப் பணியிலிருந்த அமைப்புக்குள்ளேயே நுழைந்துவிட்டது. புதிய நிரல்களைச் சோதிப்பதற்குத் தனியிடம் இல்லாமையால், மலைக்குள் இருந்த கணிப்பொறிகளிலேயே சோதனைகளும் நடந்து வந்தன. ஐந்து நாட்கள் கழித்து, இத்தகைய பிழை எத்துணை ஆபத்தானது என்று கவலை தெரிவித்து பிரெஷ்னேவ் அதிபர் கார்ட்டருக்குக் கடிதம் எழுதினார். அக்கடிதம் வராவிட்டாலும் அமெரிக்கர்கள் அஞ்சியிருப்பர் என்றே நினைக்கிறோம். பின்னர் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரில், மலைக்கு வெளியே, சோதனைகளுக்கென்றே தனி நிலையம் அமைத்தனர்.

ஒத்திகைக்கும் வெள்ளோட்டத்துக்கும் தமிழ் காட்டும் நுண்ணிய வேறுபாடு இங்கே நினைவுக்கு வருகிறது. ஒத்திகை எங்கேயும் நடக்கலாம். வெள்ளோட்டம் விடும் தேரோ, திருவிழா அன்று ஓடப்போகும் அதே வீதியில் ஓடும். வடம் அறுந்தால் இடிவது மெய்யான சுவர்தான். நோராட் நடத்தி வந்தது வெள்ளோட்டம்.

மறு ஆண்டு நிகழ்ந்தது இன்னும் விந்தையானது. 1980 ஜூன் 3 அன்று, வரும் ஏவுகணைகள் 2 என்றும் 220 என்றும் எண்கள் திரைகளில் தோன்றின. ஒரு திரை சொன்னதை மற்றொன்று சொல்லவில்லை. குண்டுவீச்சு விமானங்களின் இயந்திரங்களை இயக்கிவைத்துக் காத்திருந்தனர். மூன்று நாள் கழித்து மீண்டும் அதே கூத்து. காரணமாக அகப்பட்டது 46 சென்ட் விலையுள்ள ஒரு சில்லு. ஆனால் பழி முழுவதையும் அச்சில்லின் மீது போடுவது நியாயமன்று. தகவல் தொடர்பு அறுபடாமல் இருக்கிறதா என்று பார்க்க, அமைப்பு ஓயாமல் சோதனைச் செய்திகளை அனுப்பிக்கொண்டே இருந்தது. அச்செய்தி மெய்யான தாக்குதல் செய்தியின் வடிவத்திலேயே இருந்தது. ஏவுகணைகளின் எண்ணிக்கை வரவேண்டிய இடத்தில் மட்டும் சுழியங்கள். சில்லு பழுதானதும் சுழியத்தின் இடத்தில் 2 வந்து அமர்ந்தது. சோதனைக்கும் போருக்கும் இடையே ஓர் இலக்கமே வேலியாக இருந்திருக்கிறது. அதன்பின் தொடர்பின் நிலையை மட்டும் தெரிவிக்கும்படி அச்செய்தியை மாற்றினர்.

அலகுச் சோதனைக்காரர்கள் இதே கேள்வியைச் சிறிய அளவில் சந்தித்தனர். 1994இல் கென்ட் பெக் ஸ்மால்டாக் மொழிக்கான சோதனை முறையை எழுதினார். 1997இல் எரிக் காமாவும் அவரும் சூரிக்கிலிருந்து அட்லாண்டா செல்லும் விமானத்தில் அமர்ந்து ஜாவா மொழிக்கான ஜேயூனிட்டைத் தொடங்கினர். சோதனைகள் பெருகின; அவை மெய்யான கோப்புகளையும் கட்டளைகளையும் தொடும் வாய்ப்பும் பெருகியது. நிரல் கட்டளையிடும் இடத்தில் மெய்யானதற்குப் பதிலாக ஒரு போலியை நிறுத்துவது என்னும் உத்தி இதற்கு விடையாக வளர்ந்தது. 'இதை அழி' என்றால் போலி அழிக்காது. இன்னது சொல்லப்பட்டது என்று குறித்துவைத்துக்கொள்ளும். குறிப்பைப் பார்த்தே நிரல் சரியா தவறா என்று தீர்ப்பர். 2007இல் ஜெரார்ட் மெசாரோஸ் தம் நூலில் இப்போலிகளுக்குப் பொதுப்பெயர் சூட்டும்போது திரைப்படச் சண்டைக் காட்சிகளின் மாற்று நடிகரை உவமையாக எடுத்துக்கொண்டார். நம் திரையுலகம் 'டூப்' என்று அழைக்கும் அதே ஆள்தான்.

ஒரேயோர் இடத்தில் டூப் போட மறந்தாலும் மெய்க்கட்டளை ஓடிவிடும். ஆகவே கவனமுள்ள குழுக்கள் சோதனை நேரத்தில் வெளிக்கட்டளைகள் அனைத்தையும் முதலிலேயே அடைத்துவிடுகின்றன. போலி வைக்கப்படாத கட்டளை எதையேனும் நிரல் அழைத்தால் அச்சோதனை அங்கேயே தோற்றதாக நின்றுவிடும். போலி மெய்யானதைப்போல நடந்துகொள்கிறதா என்னும் ஐயம் மிச்சமிருக்கிறது. அதற்காகச் சில சோதனைகளை மட்டும் மெய்க்கட்டளையுடனேயே ஓட்டுகின்றனர். அவற்றை வேறெதனோடும் இணைக்காத, ஓட்டி முடித்தபின் கலைத்துவிடக்கூடிய தனிக் கணிப்பொறியில் வைத்து.