மின்தடை என்னும் சொல்: வாவிக்கரையில் மின்னியற் கலைச்சொற்கள்

கலைச்சொல் அறிஞர் அவையிற் பிறப்பினும், அது நிலைபெறுவது மக்கள் வழக்கிலேயாகும். மட்டக்களப்பு வாவியைச் சூழ்ந்த பகுதியில் மின்னியற் சொற்கள் வழங்கிவந்த வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

இப்பகுதியின் காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலாநந்தர் (1892–1947) இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரி. 1936இல் சென்னையில் நிகழ்ந்த கலைச்சொல்லாக்க மாநாட்டிற்குத் தலைமை தாங்கியவர் அவரே. அம்முயற்சியின் பயனாக 1938இல் ஏறத்தாழ 10,000 சொற்கள் கொண்ட தொகுதியொன்று வெளிவந்தது. கடலின் இரு கரையிலும் ஒரே சொற்றொகுதி வழங்கும் வாய்ப்பு அன்று இருந்தது.

அவ்வாய்ப்புக் கைகூடவில்லை. பின்னர் இலங்கையில் அரசகரும மொழித் திணைக்களமும் தமிழகத்திற் பாடநூலாசிரியரும் தனித்தனியே சொற்களை ஆக்கினர். நாம் நிலைமாற்றி என்றதை அவர்கள் மின்மாற்றி என்றனர். நமது மின்பிறப்பாக்கி அவர்களுக்கு மின்னியற்றி. நமது ஆடலோட்டம் அங்கே மாறுதிசை மின்னோட்டம். கடத்தியொன்று மின்னோட்டத்தை எதிர்க்கும் இயல்பை நாம் 'தடை' என்றோம். அவர்கள் 'மின்தடை' என்றனர். ஆனால் இரு நாட்டுச் செய்தித்தாள்களிலும் மின்தடை என்பது மின்வழங்கல் நின்றுபோதலையே குறிக்கின்றது.

1978 நவம்பர் 23ஆந் திகதி வீசிய சூறாவளி மட்டக்களப்பின் மின்கம்பங்களை வீழ்த்திப் பகுதி முழுவதையும் இருளில் ஆழ்த்தியது. பின்வந்த போர்க்காலமும் 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையும் இருளை மீண்டும் கொணர்ந்தன. இத்தகைய காலங்களில் இன்றியமையாததாகும் பொறியைப் பேச்சில் 'ஜெனரேற்றர்' என்பர். எழுத்தில் மின்பிறப்பாக்கி என்னும் பாடநூற் சொல்லே நிலைபெற்றுள்ளது. தேவை சொல்லைக் காத்தது எனலாம்.

கணினியோடு வந்த காப்பு மின்சாதனத்தின் பெயரோ வேறு வகையில் நோக்கத்தக்கது. அதனைத் 'தடையில்லா மின்வழங்கி' என்பர். தடை என்பதைப் பௌதிகப் பொருளிற் கற்ற நம் மாணவன், இதனை எதிர்ப்பே அற்ற மின்முதல் என விளங்கிக்கொள்ளக்கூடும். உண்மையில் அச்சாதனத்திலுள்ள சேமிப்புக்கலத்திற்கும் அகத்தடை உண்டு. பொதுவழங்கல் நின்றவுடன் கலத்தின் நேரோட்டத்தை ஆடலோட்டமாக மாற்றி, மின்பிறப்பாக்கி இயங்கத் தொடங்கும்வரை இடைவெளியின்றி வழங்குவதே அதன் தொழில். ஆதலின் 'இடையறா மின்வழங்கி' என்பதே பொருட்டெளிவு உடையது. மின்பிறப்பாக்கியும் காப்பு வழங்கலே. எனினும், அது இயங்கச் சிறிது நேரம் வேண்டுமாதலின், இடையறா வழங்கல் ஆகாது. இவ்வேறுபாட்டைப் பெயரே உணர்த்துதல் வேண்டும்.

மருத்துவமனையிலும் ஆய்வுகூடத்திலும் சொல் மயக்கம் செயல் மயக்கமாகலாம். 1981இற் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தோன்றி, 1986இற் கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்த நிறுவனம் இவ்வாவிப் பகுதியிலேயே உள்ளது. புதுச்சொல் ஆக்குமுன் இரு கரைச் சொற்களையும் ஒப்புநோக்கி ஆராய்தல் இங்குப் பயில்வோர்க்கும் பயிற்றுவோர்க்கும் உரிய கடனாகும். 1936இல் தொடங்கிய பணி இன்னும் முற்றுப்பெறவில்லை.