பட்டாபியும் கன்டோன்மென்ட் தமிழரும்

1809ஆம் ஆண்டு பெங்களூரில் ஆங்கிலேயர் கன்டோன்மென்ட் நிறுவியதன் விளைவாக ஜீவனோபாயம் நாடி வந்த தமிழர்களின் சந்ததியார் அதன் சுற்றுவட்டாரங்களில் நிலைபெற்றனர். அவ்வாறு தமிழொலி நிலைத்த பேட்டைகளில் நீலசந்திராவும் ஒன்று. 1993ஆம் ஆண்டு சித்திரை முதல் நாளில் சன் தொலைக்காட்சி உதயமானபின், சென்னையின் ஹாஸ்யம் இத்தகைய இல்லங்களுக்குள்ளும் நித்திய விருந்தாளியாயிற்று.

அந்த ஹாஸ்யத்தை அளித்தவர்களில் நடிகர் எம்.எஸ். பாஸ்கர் பிரதானமானவர். முத்துப்பேட்டையைப் பூர்வீகமாகக் கொண்ட அவர், நாடக மேடையிலும் பின்னணிக் குரல் கொடுக்கும் தொழிலிலும் நெடுங்காலம் உழைத்தார். பிறர் உதட்டசைவுக்குத் தம் குரலைப் பொருத்தும் அந்தச் சிரமமான சாதகமே, 'சின்னப் பாப்பா பெரிய பாப்பா' தொலைக்காட்சித் தொடரில் அவர் ஏற்ற பட்டாபி வேடத்துக்கு உயிரூட்டியது என்பது என் திடமான அபிப்பிராயம்.

ஹாஸ்ய நடிகருக்குச் சோகம் கைவராது என்ற பேதைமையை 2007இல் வெளியான 'மொழி' திரைப்படம் தகர்த்தது. மகனை இழந்த துயரத்தால் 1984ஆம் ஆண்டிலேயே நினைவு உறைந்துபோன ஞானப்பிரகாசமாக பாஸ்கர், அந்த ஆண்டின் செய்திகளையே இன்றைய செய்திகளாகப் பேசுகையில் முதலில் நகைக்கும் நாம், உண்மையை உணர்ந்து அவர் கதறும்போது கலங்கிவிடுகிறோம்.

'பார்க்கிங்' படத்துக்காக, 2025இல் அறிவிக்கப்பட்ட சிறந்த துணை நடிகருக்கான தேசிய விருது அவரையும் வந்தடைந்தது. சின்னத்திரை ஹாஸ்யத்தை அற்பமென்று ஒதுக்காமல், கலைச்சரித்திரத்தின் ஓர் அத்தியாயமாக மதிப்பது நம் கடமை.