சீட்டும் வெள்ளியும்

நாணயம் என்னும் சொல் தமிழில் காசையும் குறிக்கும். சொல் தவறாத நேர்மையையும் குறிக்கும். இவ்விரு பொருளுக்கும் உள்ள தொடர்பை விளக்கவல்லது கனடா நாட்டுச் சீட்டுப்பண வரலாறு. அதனை ஈண்டுச் சுருங்கக் காண்போம்.

கனடா அரச நாணயச்சாலை 2008, 2009 ஆகிய ஆண்டுகளில், சேகரிப்போர்க்கெனச் சீட்டு வடிவில் நீள்சதுர வெள்ளிக் காசுகளை வெளியிட்டது. நூற்றுக்கு 92.5 பங்கு வெள்ளி கொண்ட அவற்றின் முகமதிப்பு 15 டாலர். இஸ்பேட் இராணி முதலிய உருவங்கள் அவற்றில் பொறிக்கப்பெற்றன. இவற்றை வெறும் விளையாட்டுப் புதுமை என்று கருதுதல் பொருந்தாது.

17ஆம் நூற்றாண்டில் அந்நிலப்பகுதி பிரான்சின் குடியேற்றமாக இருந்தது. தாய்நாட்டிலிருந்து கப்பலில் வந்த வெள்ளிக்காசு, இறக்குமதிப் பண்டங்களின் விலையாக மீண்டும் அங்கேயே சென்றது. 1685இல் காசு வரத் தாழ்த்தமையின், படைவீரர்க்கு ஊதியம் கொடுக்க வழியில்லாது போயிற்று. நிதிப்பொறுப்பை ஏற்றிருந்த ழாக் தெ மேல் என்பார் தம் கைப்பொருளைச் செலவிட்டார், கடனும் பெற்றார், வீரருட் சிலரைக் கூலிவேலைக்கும் விடுத்தார். அவையும் போதாமையால், அவ்வாண்டு ஜூன் திங்களில் விளையாட்டுச் சீட்டுகளைத் திரட்டி, கையொப்பமும் முத்திரையும் இட்டுப் பணமாக வழங்கினார். அவை 4 லிவர், 40 சோல், 15 சோல் என மூவகை மதிப்பின. 20 சோல் ஒரு லிவர் ஆகும். செப்டம்பரில் காசு வந்ததும், சொன்னவாறே சீட்டுகளை மீட்டுக்கொண்டார்.

ஆயின், இடர்க்கு உதவிய வழி பின்னர் வழக்கமாயிற்று. போர்ச்செலவு பெருகியது, சீட்டும் பெருகியது. 1714 அளவில் ஏறத்தாழ 20 இலட்சம் லிவர் மதிப்புள்ள சீட்டுகள் புழங்கின. அரசு அவற்றைப் பாதி மதிப்பிற்கே மீட்டது. அரசின் சொல்லை நம்பியிருந்த குடிகளே எஞ்சிய பாதியை இழந்தனர்.

அன்று வெள்ளி இல்லாக் குறையைச் சீட்டு நிரப்பிற்று. இன்றோ வெள்ளியே சீட்டின் வடிவைத் தாங்குகின்றது. வெள்ளிக்குத் தனக்கென ஒரு விலையுண்டு. சீட்டுக்கோ கையொப்பமிட்டவர்தம் சொல்லன்றி வேறு பற்றுக்கோடு இல்லை. 1685இல் அச்சொல் காக்கப்பட்டது, 1714இல் காக்கப்படவில்லை. சீட்டும் முத்திரையும் இரு காலத்தும் இருந்தன. நாணயமே குன்றிற்று என்பது நாம் கொள்ளத்தகும் முடிபாகும்.