வேதம் பெற்ற வரிவடிவம்

விவிலியமும் கலையும் என்றவுடன் ஆலயச் சாளரங்களின் வண்ணக் கண்ணாடியே பலர்க்கும் நினைவில் எழும். தமிழில் அந்நூலைக் கண்முன் நிறுத்திய கலையோ எளியது. அது அச்செழுத்தை வடிவமைக்கும் கலை.

1706இல் தரங்கம்பாடி வந்த சீகன்பால்கு, திண்ணைப் பள்ளிச் சிறாரோடு அமர்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றவர். அவர்பொருட்டு ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்க்கப்பெற்ற தமிழ் எழுத்துகள் 1713இல் வந்துசேர்ந்தன. இங்கிருந்து சென்ற மாதிரியைப் பார்த்துத் தமிழறியாதார் வெட்டியவை. அளவிலோ மிகப் பெரியவை. அவற்றைக்கொண்டே புதிய ஏற்பாடு முழுவதையும் அச்சிடக் காகிதம் போதாது. நூல் பாதியில் நின்றுபோகும் நிலை. அப்போது ஆட்லர் என்பார் இங்கேயே சிற்றெழுத்து வார்த்தார். பாலாடைக்கட்டி வந்த ஈயப் பெட்டிகளை உருக்கியே வார்த்தார் என்பர். சுழிகள் இறுகின, வரிகள் நெருங்கின, 1715இல் நூல் நிறைவெய்தியது. மொழிபெயர்த்தவரைப் போற்றும் நம் வரலாறுகள் வார்த்தவரைப் பெரும்பாலும் மறந்தன. இட நெருக்கடியே வடிவத்தைச் செப்பம் செய்யும் என்பது, சீரும் தளையும் பயின்ற கவிஞர்க்குப் புதிதன்று.

நாஞ்சில் நாட்டுக்கும் இதில் உறவுண்டு. ஹாலேயில் பயின்று தரங்கம்பாடியில் தமிழ் கற்ற ரிங்கல்தௌபே, 1806இல் இராஜாக்கமங்கலத்துக்கு அதிகத் தொலைவில்லாத மயிலாடிக்கு வந்தார். 1809இல் அங்கே ஆலயம் எழுந்தது. கல்லில் உருவம் செதுக்கும் சிற்பிகளின் ஊர் அது.